விலைக்கு வந்த வாலிபர்கள்

வியாழக்கிழமை அதிகாலையில் அய்யலூர் ஆட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? வடமதுரைக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதே இல்லை. வாங்க வந்தவர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பார்; வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்; தூக்கி எடை பார்ப்பார். பிறகு தமக்கு ஆடே வேண்டாம் என்பது போல் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக் கொள்வார். அந்த முகத்தில் எவ்வளவு அலட்சியம் தெரிகிறதோ, அவ்வளவுக்கு ஆடு அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் இந்த வாரம் நான் எழுதப் போவது ஆட்டைப் பற்றி அல்ல, ஆட்டக்காரர்களைப் பற்றி.

வடமதுரையிலிருந்து ஒரு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் கல்லூரியில் படிக்கிறான். நன்றாக வேகப் பந்து வீசுகிறானாம். "ஏலம் எடுக்கிறவர்கள் ஒரு பையனிடம் எதைத்தான் பார்க்கிறார்கள்? இவனைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பதற்காக இரண்டு ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு விளையாட்டு எழுத்தாளன் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வியோ ஒரு குடும்பத்தின் சோற்றைப் பற்றியது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்லூரி வாலிபர்களின் தரத்தை மதிப்பிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு எடுக்கும் வித்தையில் மிகுந்த அநுபவம் பெற்றவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் நாட்டுக் கால்பந்து நம்முடைய கால்பந்து அல்ல. பந்தைப் பெரும்பாலும் கையிலேயே வைத்துக்கொண்டு மோதும் ஆட்டம் அது. அங்கே 1936-ஆம் வருஷம் முதல் ஒரு முறை இருந்து வருகிறது. முந்தின வருஷம் கடைசியில் வந்த அணிக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; வெற்றி பெற்ற அணிக்குக் கடைசி முறை. தேர்வுக்கு முன்பு வாலிபர்களை ஒரே இடத்தில் கூட்டி, உயரம், எடை, கையின் நீளம், நாற்பது கஜம் ஓடுவதற்கு ஆகும் நேரம், உயரத் தாண்டும் அளவு எல்லாவற்றையும் அளக்கிறார்கள். அய்யலூர்ச் சந்தையில் கையால் செய்வதை அங்கே கருவியால் செய்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவே.

இத்தனை அளவும் என்ன பலன் தந்தது? முதன்முதலாக 1936-இல் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை! 2000-ஆவது வருஷத்தில் டாம் பிராடி என்ற வாலிபர் நாற்பது கஜத்தை ஓட ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவரை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. 198 பேரை எடுத்த பிறகு, 199-ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். அந்த மனிதர் பின்னர் ஏழு தடவை தேசப் பட்டம் வென்ற அணிகளில் ஆடினார். நாற்பது கஜத்தை அளந்த கருவியின்மேல் குற்றமில்லை. நெருக்கடி நேரத்தில் நிதானம் தவறாத புத்தியை அளக்க அந்தக் கருவி ஏற்பட்டதில்லை.

இனி நம்முடைய சீமைக்கு வருவோம். 2016-ஆம் வருஷம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தார் டி.என்.பி.எல். பந்தயத்தை எட்டு அணிகளுடன் ஆரம்பித்தபோது, ஏறக்குறைய அமெரிக்கர்களைப் போலவே முறை வைத்துத்தான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023-இல் அது ஏலமாக மாறியது. கிராமத்துப் பிள்ளை ரயிலேறிச் சென்னைக்குப் போனால்தான் அவன் ஆட்டம் கண்ணில் படும் என்ற நிலைமையை இந்தப் பந்தயம் ஓரளவு மாற்றியது. சேப்பாக்கத்தோடு திருநெல்வேலியிலும், நம் ஜில்லாவில் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. திண்டுக்கல் டிராகன்ஸ் அணி 2018-லும் 2019-லும் இறுதி ஆட்டத்தில் தோற்று, 2024-இல் பட்டம் வென்று, 2025-இல் சொந்த மண்ணான நத்தத்திலேயே இறுதி ஆட்டத்தைத் திருப்பூரிடம் பறிகொடுத்த கதை நம் ஜில்லாவாசிகளுக்கு மனப்பாடம்.

அந்தத் திண்டுக்கல் அணியில் முதல் வருஷம் இடக்கையால் பந்து வீசியவர்தான் நடராஜன். சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்ற கிராமம்; ஏழை நெசவுத் தொழிலாளியின் மகன்; டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் முதன்முதல் ஆடினார். உடனே, பந்து வீசும்போது அவர் முழங்கை விதிக்கு மேல் மடங்குகிறது என்ற சந்தேகம் எழுந்தது. பதினைந்து டிகிரிக்கு மேல் கை நிமிரக்கூடாது என்பது சர்வதேச விதி. அவர் ஒதுங்கி நின்று, பழகிய கையை மறக்கச் செய்து, புதிதாக வீசக் கற்றுக்கொண்டார். மறு வருஷம் டி.என்.பி.எல்.லில், சமநிலையை முறிக்கும் அதிகப்படி ஓவரில், மட்டைக்காரரின் காலடியிலேயே பந்து விழும்படி யார்க்கர் மேல் யார்க்கராக வீசினார். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். 2017-ஆம் வருஷ ஐ.பி.எல். ஏலத்தில், பத்து லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்தவரைப் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது.

இங்கே கதை முடிந்திருந்தால் சினிமாவுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அந்த வருஷம் ஆறு ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே விக்கெட்டுகள். அடுத்த ஏலத்தில் மூன்று கோடி நாற்பது லட்சமாகச் சுருங்கியது. ஹைதராபாத் அணியில் இரண்டு வருஷம் ஓர் ஆட்டங்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2020-இல் வாய்ப்பு வந்தது. பதினாறு விக்கெட் எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் பயிற்சிக்குப் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், ஒரே யாத்திரையில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் தோற்றறியாத பிரிஸ்பேன் மைதானத்தில் 2021 ஜனவரியில் இந்தியா வென்ற டெஸ்ட் ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் அவருடையவை.

நான் கேட்கிறேன்: மூன்று கோடிக்குப் போன நடராஜனும் நாற்பது லட்சத்துக்குப் போன நடராஜனும் வேறு வேறு மனிதர்களா? கை அதே கைதான்; பந்தும் அதே பந்துதான். ஏலத்தில் எழும் விலை ஆட்டக்காரனின் அளவு அல்ல. கடைசி வரையில் போட்டி போட்ட இருவரில் ஒருவர் எந்த இடத்தில் பின்வாங்கினார் என்பதன் அளவு. இதை விளங்கிக் கொள்ளாத தகப்பனார்கள்தாம் தோட்டத்தை அடமானம் வைக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் வருண் சக்கரவர்த்தி. பிள்ளைப் பிராயத்தில் விக்கெட் காப்பாளர். பதினேழு வயதில் ஆட்டத்தை விட்டுக் கட்டடக் கலை படிக்கப் போனார். தொழிலும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத மாயச் சுழல் ஒன்றைத் தாமே உருவாக்கிக் கொண்டார். 2018-இல் மதுரை அணிக்காக டி.என்.பி.எல்.லில் 22 விக்கெட். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் மதுரையிடந்தான் திண்டுக்கல் தோற்றது என்பதை வருத்தத்தோடு ஞாபகப்படுத்துகிறேன். டிசம்பர் ஏலத்தில் இருபது லட்சத்தில் தொடங்கிய பேரம் எட்டு கோடியே நாற்பது லட்சத்தில் நின்றது. கல்கத்தா மைதானத்தில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் பறந்தன. காயமும் சேர்ந்துகொண்டது, அந்த வருஷம் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டந்தான். 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் விக்கெட்டே இல்லை. மூன்று வருஷம் தேச அணியில் அவர் பெயர் இல்லை. 2024-இல் திரும்பினார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூஸிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார். கோப்பையும் இந்தியாவுக்கு வந்தது. 2018-இல் அவரை வாங்கியவர்கள் பார்த்தது சுழலை. ஆனால் அவரைக் காப்பாற்றியது, விழுந்தபின் எழுந்து வந்து மறுபடியும் கற்றுக்கொண்ட குணம். அதை எந்த ஏலத்தில் யார் விலை பேசினார்கள்?

மூன்றாவது உதாரணம் சந்தோஷமானது. 2023-இல் டி.என்.பி.எல். ஏலம் நடந்தபோது ஓர் அணி மொத்தம் செலவிடக் கூடிய தொகை எழுபது லட்சம். அதிலே 21 லட்சத்து 60 ஆயிரத்தைச் சாய் சுதர்சன் ஒருவருக்காகக் கோவை அணி கொடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் அவருடைய சம்பளம் இருபது லட்சந்தான்! தேசம் முழுவதும் பார்த்து வைத்த விலையைக் காட்டிலும் உள்ளூர்க்காரர்கள் வைத்த விலை அதிகம். எதனால்? கோவை அணியினர் அவரை 2021 முதல் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். அவர் ஓட்டம் எடுத்த நாளையும் பார்த்தார்கள். எடுக்காத நாளையும் பார்த்தார்கள். அதே 2023-இல் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் அவர் 47 பந்தில் 96 ஓட்டம் எடுத்தார். 2025-இல் 759 ஓட்டங்களுடன் அந்தப் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். அந்த வருஷமே இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்.

ஆகவே என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: ஒரு நாள் பார்த்தவன் விலையைச் சொல்லுவான், பல நாள் பார்த்தவன்தான் நிலையைச் சொல்லுவான்.

திண்டுக்கல் பூட்டு வாங்குகிறவர் கடையில் ஒரு தரம் திறந்து பார்த்துத் திருப்தி அடைகிறார். அதைச் செய்த தொழிலாளியோ, நூறாவது தடவையும் சாவி அதே போல் திரும்புமா என்று பார்க்கிறான். பந்து வீச்சாளனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதல் ஓவரில் வீசிய யார்க்கர் பெரிதல்ல. கை களைத்து, மட்டைக்காரன் இரண்டு சிக்ஸர் அடித்த பிறகு, பனியில் நனைந்த பந்தை அதே இடத்தில் போடுகிறானா என்பதே பரீட்சை. மட்டைக்காரனானால் எத்தனை ஓட்டம் என்பதோடு, யாருடைய பந்தில், எந்தத் தறுவாயில் எடுத்தான் என்றும் கேட்க வேண்டும். தோற்ற மறுநாள் காலையில் மைதானத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறான்? பிழையைச் சுட்டிக்காட்டினால் முகம் சுளிக்கிறானா, காது கொடுக்கிறானா? இவற்றுக்கு ஓட்டப் புத்தகத்தில் இடமில்லை. கூட இருந்து பார்ப்பவர் கண்ணில்தான் இடமுண்டு.

வடமதுரை நண்பருக்கு இன்னும் ஒரு சிறு கணக்கு. ஐ.பி.எல்.லில் பத்து அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அதில் அந்நிய நாட்டார் எட்டுப் பேர் வரை இருக்கலாம். எல்லா இடமும் நிரம்பினாலும் 250 பேர். இந்தப் பரந்த தேசத்தில் மட்டை பிடிக்கும் வாலிபர்களின் தொகையை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். 2023-இல் டி.என்.பி.எல். அணியின் எழுபது லட்சத்தை இருபது பேருக்குச் சமமாகப் பங்கிட்டிருந்தால் தலைக்கு மூன்றரை லட்சந்தான் கிடைத்திருக்கும். பத்திரிகையில் படத்தோடு வருவது கோடி. பெரும்பாலார் கைக்கு வருவது இதுபோன்ற தொகை. அது குறைவென்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தை மீட்க அதை நம்பக் கூடாது.

ஆகையால், நண்பரே, தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். பையன் கல்லூரிப் படிப்பை முடிக்கட்டும். வருணுக்குக் கட்டடக் கலை தடையாக இருக்கவில்லை. பையனுடைய கையை விஷயம் தெரிந்த ஒருவரிடம் இப்போதே காட்டி, முழங்கையில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். நடராஜனுக்கு அது ஒரு வருஷத்தைத் தின்றது. தொடர்ந்து பல நாள் அவனைப் பார்க்கக் கூடிய ஓர் உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள். ஒரே நாளில் நூறு பேரை ஓடவிட்டுப் பார்க்கும் இடத்துக்குப் போகட்டும்; ஆனால் அன்று எடுக்கவில்லை என்பதற்காக அழ வேண்டாம். பிராடியை 198 தடவை தாண்டிப் போனார்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னப்பம்பட்டியில் ஒரு நடராஜன் இருந்தால், வடமதுரையிலும் வேடசந்தூரிலும் இருக்க மாட்டானா? அவனுக்கு வேண்டியது மேடும் பள்ளமும் இல்லாத ஒரு மைதானமும், மாலையில் வந்து நின்று பார்க்கும் இரண்டு நல்ல கண்களுந்தான். இதைச் செய்ய ஊருக்கே ஒரு மனது இருந்தால், எந்தத் தகப்பனாரும் தோட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அய்யலூர்ச் சந்தைக்கு வரும் ஆட்டுக்குத் தன் விலை தெரியாது. அதனால் அதற்குக் கர்வமும் இல்லை, துக்கமும் இல்லை. நம் பிள்ளைகளுக்கோ விலை தெரிந்துவிடுகிறது. அது தங்கள் விலை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது நம்முடைய கடமை.