சம்மர்ல சர்டிபிகேட்டா, சாம்பிளா?

மூன்றாம் வருஷ நண்பர்களே, லீவு நெருங்கினா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்தும்: "பணம் கட்டினா பதினஞ்சு நாள்ல இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட்." கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நான் சொல்றது ஒண்ணுதான். ரெண்டு மாசம் ஒரு லேப்ல, ஒரே ஒரு கேள்வியோட உட்காருங்க.

பாலிமர்லயே ஒரு உதாரணம். "மக்கும் பிளாஸ்டிக்"னு விக்கிற கப்கள்ல பல, பி.எல்.ஏ-வால் ஆனவை. அதோட கிளாஸ் டிரான்சிஷன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி செல்சியஸ். சாதாரண பி.எல்.ஏ கப்புல கொதிக்கிற டீயை ஊத்தினா அது நெளிஞ்சிடும். சீக்கிரம் மக்கணும்னாலும் ஏறக்குறைய அதே சூடு வேணும். பெரிய உரக்கூடத்துல அது கிடைக்கும், கொல்லைப்புறக் குழியில கிடைக்காது.

இந்த 60-ஐப் புத்தகத்துல ஒரே வரியில படிச்சிடலாம். ஆனா டி.எஸ்.சி கருவியில 5 மில்லிகிராம் சாம்பிளை வச்சு, நிமிஷத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேத்திப் பாருங்க. முதல் தடவை ஒரு வளைகோடு வரும். குளிர வச்சு மறுபடி ஏத்தினா வேற வளைகோடு! தான் எப்படிக் குளிர்ந்தோம்ங்கிறதை பாலிமர் ஞாபகம் வச்சிருக்கு. உருகுற வரைக்கும் சூடேத்தினா அது அழிஞ்சிடுது. இதைக் கண்டுபிடிக்க நாலு நாள் மண்டையைப் பிச்சுக்குவீங்க பாருங்க, அந்த நாலு நாளை எந்தச் சர்டிபிகேட்டும் தராது.

பிளேஸ்மென்ட்டுக்கு உதவுமா? கோடிங் டெஸ்ட்டுக்கு உதவாது. ஆனா "நீ என்ன செஞ்சே?"னு இன்டர்வியூல கேட்டா, சொல்றதுக்குச் சொந்தமா ஒரு பதில் இருக்கும்.

செலவுக்கு என்ன பண்றது? நியாயமான கேள்வி. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துற கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துல உதவித்தொகையோட ரயில் கட்டணமும் உண்டு. ஆனா அதுக்கான விண்ணப்பம் வழக்கமா முந்தைய வருஷக் கடைசியிலேயே முடிஞ்சிடும். மே மாசம் தேடினா காலி இலைதான் மிச்சம்.

அங்கே இடம் கிடைக்காதவங்க? இதுலதான் எனக்குக் கோபம். கோடை முழுக்க நம்ம காலேஜ் லேப்கள் பூட்டியே கிடக்குது. லேப்பையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் ரெண்டு மாசம் திறந்து வைங்கன்னு நாமதான் கேட்கணும். பெரிய மெஷின்கூட வேண்டாம். நைலான் துண்டைத் தண்ணியில ஊறப் போட்டு, தினம் எத்தனை எடை கூடுதுன்னு பார்க்க ஒரு ஓவனும் நல்ல தராசும் போதும்.

இந்த செமஸ்டர் முடியுறதுக்குள்ள உங்க சாரையோ மேடத்தையோ பார்த்துக் கேளுங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா நாலு பேரா போங்க.