வெயில் வேண்டும் விருந்தாளி

மீன் தொட்டியைப் பற்றி நாம் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, பிலாயிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் வரைந்திருக்கிறார். தம் மகன் இகுவானா என்னும் பேரோணான் ஒன்றை வளர்க்க விரும்புகிறான் என்றும், முற்றத்தில் கூண்டு கட்டி வைத்தால் அது நோயின்றிப் பிழைக்குமா என்றும் வினவுகிறார். பிழைக்கும். ஆயினும் அவருக்கு விடை கூறுமுன், நம் இல்லத்தில் நாமே செய்த தவறொன்றை ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஊர்ப்பக்கம் நாம் கண்ட உடும்பு வேறு, இது வேறு. உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இகுவானாவோ மத்திய அமெரிக்க, தென் அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. அதையும் இன்று எவரும் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ள இயலாது. 2022-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகள் வெளிவந்தன. ‘பரிவேஷ்’ என்னும் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். தாள் இல்லாத பிராணியை, எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், தொடாதீர்கள்.

இனி நம் கதை. நாக்பூரில் நம்முடன் பணியாற்றிய தோழர் ஒருவருக்கு 2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் மாற்றல் உத்தரவு வந்தது. போகும் ஊரில் அவருக்குக் கிடைத்தது ஒற்றை அறை. மூன்றடி நீளமுள்ள தம் இகுவானாவையும் அதன் பதிவுத் தாளையும் முறைப்படி நம் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கண் கலங்கியபடி இரயிலேறினார். நம் மகள் அதற்கு மாணிக்கம் என்று பெயரிட்டாள். குவார்ட்டர்ஸின் முன்தாழ்வாரம் கண்ணாடி அடைத்தது. காலை வெயில் தாராளமாக விழும். அங்கேயே மாணிக்கத்தைக் குடியமர்த்தினோம். பாலக் கீரையை ஆவலோடு தின்றது. வேண்டியவர் ஒருவர் சொன்னாரென்று அவித்த முட்டையும் கொடுத்தோம். நம் வளர்ப்பைக் குறித்து நமக்குச் சிறிது கர்வமும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

தை பிறந்தபோது அதன் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. கிளையில் ஏற முயன்று விழுந்தது. குளிரால் வந்த சோர்வு என்றே நாம் எண்ணினோம். கீழ்த்தாடை வீங்கியிருப்பதை முதலில் கண்டவள் நம் இல்லாள். ‘பல்வலிக்காரர் முகம்போல் இருக்கிறதே’ என்றாள். கால்நடை மருத்துவர் தாடையை இலேசாக அழுத்திப் பார்த்தார். எலும்பு இரப்பர்போல் வளைந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் தொடை எலும்பு ஒன்று முறிந்தே இருந்தது.

மருத்துவர் விளக்கியது இதுதான். கதிரவனின் புறஊதாக் கதிர் தோலில் படும்போதுதான் இப்பிராணியின் உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. அது இல்லையேல் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது. உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்கு ஈடு செய்துகொள்ளும். கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், வெப்பம் வரும். அந்தக் கதிர் மட்டும் வருவதில்லை. ‘வெயில் படும் என்று நீங்கள்தானே அப்பா, அங்கே வைத்தீர்கள்?’ என்றாள் மகள். நாம் விடை கூறவில்லை.

மறு ஞாயிறன்றே கூண்டு வேலை தொடங்கினோம். நீளம் எட்டடி, அகலம் ஐந்தடி, உயரம் ஏழடி. இரும்புச் சட்டம், அதன்மேல் பிளாஸ்டிக் பூசிய அரை அங்குல வெல்டு வலை. கோழிக் கூண்டுக்குப் போடும் மெல்லிய வலை உதவாது; மூக்கை உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும், நகமும் சிக்கிப் பிய்யும். ஒரு கதவைச் சாத்தியபின் மறு கதவைத் திறக்கும்படி இரட்டை வாயில் வைத்தோம். உள்ளே அதன் உடல் பருமனுள்ள கிளைகளைச் சாய்வாகக் கட்டினோம். மரத்தில் வாழும் பிறவி ஆதலால், நம் தலைக்கு மேலிருந்தால்தான் அதற்கு அச்சம் நீங்கும்.

கிழக்குப் பக்கம் திறந்தும் மேற்குப் பக்கம் கூரையிட்டும் இருக்க வேண்டும். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரியைத் தாண்டும். நிழலில்லாக் கூண்டு சிறிது நேரத்தில் கொலைக்களமாகிவிடும். 35 டிகிரியளவில் குளிர்காய ஓரிடமும், வேண்டியபோது விலகிச் செல்ல 27 டிகிரியளவில் மற்றோர் இடமும் இருந்தால் அது தானே தேர்ந்துகொள்ளும். கோடையில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நாளுக்கு மும்முறை நனைக்கிறோம், ஈரப்பதமும் கிடைக்கிறது. வீட்டிலுள்ளோர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்கிறார்கள் என்பது தனிக்கதை.

குளிர்காலம் கோடையினும் கொடியது. 2010-லும் 2018-லும் சனவரிக் குளிரில் அமெரிக்காவின் புளோரிடாவில் இகுவானாக்கள் விறைத்து மரத்திலிருந்து விழுந்தன. நாக்பூரிலும் மார்கழியில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போவதுண்டு. ஆகவே கார்த்திகை முதல் மாசி வரை மாலையில் உள்ளே கொணர்ந்து, பீங்கான் வெப்பக் குமிழ் பொருத்திய பலகைப் பெட்டியில் விடுகிறோம். குமிழுக்குக் கம்பிக்காப்பு அவசியம். இல்லையேல் அதன்மேலேயே படுத்துச் சுட்டுக்கொள்ளும். உடல் சூடேறாவிடில் தின்ற இலையும் செரிக்காது.

உணவு இலைதான். முருங்கை இலை, செம்பருத்தியின் இலையும் பூவும், துருவிய பரங்கிக்காய். பாலக்கிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால் அது எப்போதாவது சிறிதளவே. முட்டையும் இறைச்சியும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அறவே கூடாது. தொட்டபின் சோப்பினால் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா கிருமி இதன் குடலில் இருக்கக்கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம் என்பதே நம் கருத்து.

மாணிக்கம் நான்கு திங்களில் நடந்தது. தாடை சற்றே கோணலாக நின்றுவிட்டது. அது இனி நேராகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். இப்போது நாலரை அடி. காலை ஏழு மணிக்கு மேல்கிளையில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்கிறது.

பிலாய் அன்பருக்கு: இது ஐந்தடிக்கு மேலும் வளரும், பதினைந்து ஆண்டுகளும் வாழும், அதற்குள் தங்களுக்கு எத்தனை மாற்றல் வருமோ! நாம் கூண்டுக்குச் சிமெண்டு போடவில்லை. போல்ட்டைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரியும். கூண்டை முதலில் கட்டி, பிராணியைப் பின்னர் வாங்குங்கள். அளவுகளை வரைந்து இவ்வாரத் தபாலில் அனுப்புகிறோம்.