பின்தேதியிட்ட சட்டம்

பத்தாங் காலியை நம்மில் பலர் கெந்திங் மலைக்குப் போகிற வழியாகத்தான் அறிவோம். அங்கே சுங்கை ரெமோக் தோட்டத்தில் 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர், ஆயுதமில்லாத 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோடினார்கள், சுட்டோம் என்றது அதிகாரத் தரப்பு. ஆறு வாரம் ஆவதற்குள், 1949 ஜனவரி 20இல், மலாயாவின் பிரிட்டிஷ் ஆட்சி போட்ட அவசரகால விதிகளில் 27ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தப்பியோடுகிறவரைச் சுடலாம், முன்பே சுட்டிருந்தாலும் இந்த விதிப்படி சுட்டதாகவே கொள்ளப்படும். எழுதியவரின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

சீனர் கதைதானே என்று நம்மவர் ஒதுக்க முடியாது. அதே விதிகளின் கீழ்தான், ராவாங் அருகே பிடிபட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, இந்திய அரசு கேட்டுக்கொண்டும், 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

1970இல் சுட்டவர்கள் சிலரே நடந்தது கொலைதான் என்று லண்டன் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். தொடங்கிய போலீஸ் விசாரணை பிரிட்டனில் ஆட்சி மாறியதும் நின்றது. பிறகு குடும்பத்தார் லண்டனில் வழக்காடினார்கள். பொறுப்பு மலாயாவுடையது, சுதந்திரத்தோடு கைமாறிவிட்டது என்று வாதாடியது பிரிட்டிஷ் அரசு. அது எடுபடவில்லை. ஆனால் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு கதவைச் சாத்தியது: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தனிமனிதர் முறையிடும் உரிமையை பிரிட்டன் ஏற்றது 1966இல், கொலை அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது, எனவே விசாரிக்கும் கடமை இல்லை. ஐந்து நீதிபதிகளில் ஹேல் அம்மையார் மட்டும் மாறுபட்டார். 2018இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள அந்த ஐரோப்பிய நீதிமன்றமும் கைவிரித்தது. சுட்டவனைக் காக்க ஆறு வாரம் பின்னால் போக முடிந்த சட்டத்துக்கு, செத்தவனுக்காகப் போகக் கால் வரவில்லை.

அரசு அரசின்மேல் வழக்குப் போடலாமே? பத்து புத்தே பாறைக்காக மலேசியா சிங்கப்பூரோடு தி ஹேக் வரை போனது, 2008இல் தோற்றது. இரு தரப்பும் சம்மதித்ததால்தான் அந்த வழக்கே நடந்தது. அனைத்துலக நீதிமன்றத்துக்கு அரசுகளின் ஒப்புதலே அஸ்திவாரம். பிரிட்டனோ தன் ஒப்புதலில் காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுகளை விலக்கி வைத்திருக்கிறது. பழைய காலனிகளில் பெரும்பாலானவை காமன்வெல்த்தில்தான் இருக்கின்றன.

பிரிட்டனை மட்டும் ஏசிப் பயனில்லை. போர்க்குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் 2019 மார்ச்சில் சேர்ந்த மலேசியா, அரண்மனை எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரலிலேயே விலகுவதாக அறிவித்தது. மீண்டும் சேர வேண்டும் என்பது இவ்விதழின் நிலை. அந்தச் சாசனமும் பொதுவாக ஒரு நாடு சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் கணக்கில் எடுக்கும். 1966ஐப் போல இன்னொரு தேதியை இப்போது தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பது நாம்தான்.