பெட்டிக்குள் இருந்த எழுத்து

மறைந்த ஒருவரின் அறையை ஒழுங்கு செய்யும்போது, அவர் எவரிடமும் காட்டாத கவிதைகளோ கதைகளோ ஓவியங்களோ கிடைப்பதுண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோரும் அறியாத கலை வாழ்வு ஒன்று அப்போது வெளிப்படுகிறது. கிடைத்தவற்றை என்ன செய்வது? 'அவர் மறைத்ததை நாம் திறத்தல் தகாது. அழித்துவிடுவதே முறை' என்பர் சிலர். 'உடனே அச்சிட்டு உலகுக்கு அளிப்பதே நன்றிக்கடன்' என்பர் வேறு சிலர். இரண்டும் அவசரத்தில் பிறந்த விடைகள் என்றே நான் கருதுகிறேன். ஒரு தாளும் குறையாமல், ஓர் எழுத்தும் திருத்தாமல் காத்து வைப்பதே உறவினரின் முதற்கடமை. வெளியிடுவதா, வேண்டாவா என்பது பின்னர் வரும் வினா. அதனை அடுத்த தலைமுறையிடம் விட்டுவைத்தாலும் குற்றமில்லை.

வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் வரலாறு இதற்குச் சான்றாகும். இன்று வங்கதேசத்தில் உள்ள பாரிசாலில் 1899ஆம் ஆண்டு பிறந்த அவர், கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்தவர். கூச்சமும் தனிமையும் மிக்கவர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கொல்கத்தாவில் டிராம் வண்டி மோதிப் படுகாயமுற்று, 22ஆம் நாள் காலமானார். அதுவரை இலக்கிய உலகம் அவரைக் கவிஞராக மட்டுமே அறிந்திருந்தது. அவர் விட்டுச் சென்ற பெட்டிகளைத் திறந்தபோதுதான், அவற்றுள் 10க்கும் மேற்பட்ட நாவல்களும் 100 அளவிலான சிறுகதைகளும் இருப்பது தெரியவந்தது. வாழ்நாளில் ஒரு நாவலையும் வெளியிடாத மனிதர் அவர்! அச்சேறாத கவிதைகளோ அவற்றினும் மிகுதி.

அக்கவிதைகளுள் ஒரு தொகுதி, ஏறத்தாழ 1934ஆம் ஆண்டில் எழுதப்பெற்றது. வங்க மண்ணின் ஆறுகளையும் வயல்களையும் பறவைகளையும் பாடும் அத்தொகுதியைக் கவிஞர் 20 ஆண்டுகள் வெளியிடாமலே வைத்திருந்தார். அவர் தம்பி அசோகானந்த தாஸின் முயற்சியால் அது 1957ஆம் ஆண்டு 'ரூபசி பாங்களா' என்னும் பெயரில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது அந்நூல் மக்கள் உள்ளத்தில் தாயகப் பற்றை வளர்த்த நூலாயிற்று. அப்பெட்டி பழைய தாளாக எடைக்குப் போயிருந்தால் ஒரு நாடு எதனை இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் பெட்டிக்குள் இருப்பவை யாவும் இத்தகைய இனிய பாடல்களாகவே இரா. அவருடைய 'மால்யவான்' நாவல், ஒத்திசைவற்ற ஒரு கணவன் மனைவியின் கதை. அது வெளிவந்தது 1973ஆம் ஆண்டில்தான். இத்தகைய கதையைப் படிக்கும் எவரும், எழுதியவரின் இல்லத்தையே நினைப்பர். மறைந்தவருக்குக் கலையாக இருந்தது, உயிருடன் இருக்கும் மனைவிக்கும் மக்களுக்கும் காயமாகலாம். வெளியிடத் தயங்கும் குடும்பத்தைக் கோழைகள் என இகழ்வது எளிது. நான் அவ்வாறு இகழமாட்டேன். தயங்குவோர் தாராளமாகத் தயங்கட்டும். பூட்டிய பெட்டியை மீண்டும் திறக்கலாம். எரித்த பெட்டியைத் திறக்க இயலாது.

'மறைத்தவரின் விருப்பத்திற்கு மதிப்பில்லையா?' எனக் கேட்கலாம். உண்டு. ஆனால் விருப்பத்தை எதனால் அறிவது? அழிக்க விரும்பியவர் தாமே அழித்திருக்க முடியும். ஜீவனானந்தர் பிரிவினைக் காலத்தை ஒட்டிப் பாரிசாலை விட்டுக் கொல்கத்தாவில் குடியேறியவர். 1930களில் எழுதிய கதைகள் கொல்கத்தாவில் கிடைத்தன என்றால், அவை அவருடன் பயணம் செய்திருக்க வேண்டும். வேண்டாத சுமையை அத்தகைய காலத்தில் யார் சுமப்பார்? காட்டாமல் வைப்பது வேறு, வேண்டாமென ஒதுக்குவது வேறு. பல வேளைகளில் கேட்பதற்குச் செவி வாய்க்காமையே மௌனத்திற்குக் காரணம்.

அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் வாழ்ந்த எமிலி டிக்கின்சன் 1886ஆம் ஆண்டு மறைந்தபோது, தங்கை லவீனியா இவ்வேறுபாட்டை உணர்ந்தே நடந்தார் எனத் தோன்றுகிறது. அக்காள் கேட்டுக்கொண்டபடி, அவருக்கு வந்திருந்த கடிதங்களை எரித்தார். கவிதைகளைப் பற்றிய கட்டளை ஏதும் இல்லை, அவற்றை எரிக்கவில்லை. அக்காள் கவிதை எழுதுவது தங்கைக்குத் தெரியும். எத்தனை எழுதினார் என்பதுதான் தெரியாது. அழகாகப் படியெடுத்து, தாள்களை மடித்து, நூலால் தைத்த 40 சிறு ஏடுகளும் உதிரித் தாள்களும் கிடைத்தன. இன்று அவருடைய கவிதைகள் ஏறத்தாழ 1,800 எனக் கணக்கிடப்படுகின்றன. வாழ்நாளில் அச்சேறியவை 10 அளவிலேதான்.

காத்த பெருமை தங்கைக்கு உரியது. பின்னர் நேர்ந்ததை நான் பாராட்டேன். 1890ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் ஓசைக்காகச் சொற்களை மாற்றினர். அவர் இட்ட கோடுகளை நீக்கினர். அவர் சூட்டாத தலைப்புகளைச் சூட்டினர். ஏடுகளின் தையலும் பிரிக்கப்பட்டதால் கவிதைகளின் வரிசை குலைந்தது. அவர் எழுதியபடியே முழுத்தொகுப்பு வருவதற்கு 1955ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஏடுகளின் பழைய வரிசை 1981ஆம் ஆண்டில்தான் மீட்டமைக்கப்பட்டது. அன்பினால் திருத்திய கை விளைத்த குழப்பத்தைச் சீர்செய்ய 90 ஆண்டுகள் ஆயின. நம் ஊர்களில் ஓராம் ஆண்டு நினைவு நாளுக்குள் 'நினைவு மலர்' அச்சிடத் துடிப்போர் இதனைச் சற்று எண்ணலாம்.

நம் இல்லங்களில் இத்தகைய பெட்டிகள் அரியன அல்ல. பாட்டி கோலம் வரைந்து பழகிய குறிப்பேடு, தாமே புனைந்த தாலாட்டுகளை எழுதிவைத்த பழைய நாட்குறிப்பு, அலுவலகத் தாளின் பின்புறத்தில் தாத்தா தீட்டிய கோட்டோவியங்கள் என எத்தனையோ உள. ஈராண்டுக்கு ஒரு முறை இடமாற்றம் பெறும் பணியாளர் குடும்பங்களுக்கு ஓர் உண்மை தெரியும்: மூட்டை கட்டும்போது முதலில் கழிக்கப்படுவது தாளே. பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் அறையைக் காலி செய்யும் வழக்கமோ இதனினும் கொடியது. கலையன்று, கிறுக்கல் என்று அந்த நாளின் களைப்பில் யார் தீர்ப்பளிப்பது? குறிப்பாகப் பெண்களின் எழுத்தே இவ்வாறு மிகுதியும் அழிகிறது என்பது என் ஐயம். அவற்றைக் 'கணக்கு நோட்டு' என்று எண்ணித் தள்ளிவிடுகிறோம்.

காப்பதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கிடைத்த வரிசையைக் கலைக்காமல், தையலைப் பிரிக்காமல், பிழையென்று தோன்றுவதன்மேல் பேனா வைக்காமல், ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடுவது தாளைக் கெடுக்கும், அதனைச் செய்யற்க. எங்கே, எப்போது கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்கலாம். கைப்பேசியில் படமெடுத்து வைத்தல் இன்று எளிது.

ஜீவனானந்தரின் பெட்டிகளுக்கோ அத்தகைய எளிய வழி இருக்கவில்லை. அவரது இறுதி நாட்களில் உடனிருந்த இளைஞர்களுள் ஒருவரான பூமேந்திர குகா, பின்னாளில் மருத்துவராகப் பணிபுரிந்துகொண்டே, அடித்தலும் திருத்தலும் நிறைந்த அக்கையெழுத்தை வரிவரியாகப் படித்துப் பல்லாண்டுகள் படியெடுத்தார். அக்கவிதைக் குறிப்பேடுகள் பல இப்போது கொல்கத்தா தேசிய நூலகத்தில் உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுகளே அவை.