சூரியன் போட்ட கவர், நிலா போட்ட கவர்: வலப்பனையிலிருந்து வெளிநாடு போக நினைக்கும் ஒரு மருந்தாளர்

வலப்பனைப் பக்கம் ஒரு சிறிய நகரம். பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் தவிர்க்கிறேன். அங்கே பிரதான வீதியில் ஒரு பாமசி. சம்பள வாரம் என்பதால் கூட்டம் அதிகம். கிளினிக் முடித்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்த துண்டை நீட்டினார். உள்ளே நின்ற மருந்தாளர் பெண், மாத்திரைகளை எண்ணிப் போட்டு, ஒரு கவரில் சூரியனும் இன்னொன்றில் பிறைநிலாவும் வரைந்தார்.

"சூரியன் போட்டது காலையில. நிலா போட்டது ராவைக்கு. மாத்திப் போட்றாதீங்க அம்மாயி."

கூட்டம் குறைந்ததும் அவர் என்னிடம் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் காட்டினார். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா மூன்றிலும் 'பாமசிஸ்ட்' வேலை, பட்டம் தேவையில்லை, டிப்ளோமா போதும் என்று அச்சிட்டிருந்தது. அவர் ஏற்கனவே 50 ஆயிரம் ரூபாய் முற்பணம் கட்டியிருந்தார்.

"அக்கா, இது உண்மையா பொய்யான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வீட்ல இன்னும் சொல்லல."

பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்காக மட்டுமல்ல. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இதே பிரசுரம் வேறு வேறு தொலைபேசி இலக்கங்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு தகுதி

இலங்கையில் மருந்தாளர் ஆவதற்குப் பல வழிகள் உண்டு. பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டம் படிக்கலாம். சுகாதார அமைச்சின் பயிற்சிக்குத் தெரிவாகலாம். இரண்டும் கிடைக்காதவர்கள், பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் கடையில் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் வெளிவாரிப் பரீட்சை எழுதலாம். எந்த வழியில் வந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்ததும் எல்லோரும் மருந்தாளர்தான். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. சட்டமும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

கட்டுநாயக்கவைத் தாண்டியதும் அந்த ஒற்றைப் பெயர் இரண்டாக உடைகிறது. நான் சந்தித்த பெண் வெளிவாரிப் பரீட்சை எழுதியவர். அவருடன் ஒரே வகுப்பில் உயர்தரம் படித்த, பக்கத்து லயத்துத் தோழி பல்கலைக்கழகம் போனவர். பரீட்சையில் இருவருக்கும் இடையே இருந்தது இசட் புள்ளியில் ஒரு சிறு இடைவெளிதான். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அது வேறு தொழில் என்ற அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

அவுஸ்திரேலியாவில் முதலில் அந்நாட்டு பாமசி கவுன்சில் கல்வித் தகுதியை மதிப்பிடும். அதற்குப் பாமசிப் பட்டம் வேண்டும். பிறகு ஒரு பரீட்சை. நீண்ட காலம் அதற்கு 'காப்ஸ்' என்று பெயர். 2025 இலிருந்து அதன் இடத்தில் 'ஒப்ரா' வந்திருக்கிறது. பழைய காப்ஸ் வினாத்தாள்களை இன்றும் விற்கும் வகுப்புகள் உண்டு. அதில் சித்தியடைந்த பிறகு ஆங்கிலப் பரீட்சை, அங்கே மேற்பார்வையின் கீழ் பயிற்சிக் காலம், அதன் முடிவில் மீண்டும் பரீட்சைகள்.

பிரித்தானியாவின் பாதை இன்னும் நீளம். ஊரில் மருந்தாளராகப் பதிவுபெற்ற பட்டதாரிக்கும் 'ஓஸ்பாப்' என்ற ஒரு வருடப் பட்டப்பின் படிப்பு கட்டாயம். சில பல்கலைக்கழகங்களில் மட்டுமே அது இருக்கிறது, கட்டணம் பல்லாயிரம் பவுண். அதன் பிறகு 52 வாரப் பயிற்சி, அதன் பிறகு பதிவுப் பரீட்சை. கனடாவில் ஆவண மதிப்பீடு, மதிப்பீட்டுப் பரீட்சை, எழுத்தும் செய்முறையுமாக இரு பகுதிகள் கொண்ட தகுதிப் பரீட்சை, கடைசியில் மாகாண உரிமம். அமெரிக்காவோ 2003 ஜனவரி 1 இற்குப் பின் பட்டம் பெற்றவர்களிடம் ஐந்து வருடப் பாமசிப் படிப்பைக் கேட்கிறது. நமது பட்டம் நான்கு வருடம். பல்கலைக்கழகம் போன தோழிக்கும் அந்தக் கதவு திறக்காது.

இந்த நாடுகள் எதிலும் வெளிவாரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருந்தாளராக முடியாது. பிரசுரம் சொன்னது பொய்.

அப்படியானால் முகவர் பணத்தை வாங்கிக்கொண்டு எதை விற்கிறார்? கடந்த சில வருடங்களில் விற்கப்பட்டது பெரும்பாலும் பிரித்தானியப் பராமரிப்பாளர் விசா. 2022 பெப்ரவரியில் பராமரிப்பாளர் வேலை அந்நாட்டின் சுகாதார விசாவுக்குள் சேர்க்கப்பட்டது. மருந்தாளரும் பராமரிப்பாளரும் ஒரே விசாப் பெயரின் கீழ் வந்ததால் ஏமாற்றுவதும் இலகுவாயிற்று. 'சுகாதாரத்துறை விசா' என்றால் மருந்து கொடுக்கும் வேலை என்று இவர் நினைத்ததில் தவறில்லை. அந்த வழியும் இப்போது இல்லை. 2024 மார்ச்சில் பராமரிப்பாளர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 உடன் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுப்பதே முடிந்தது. ஆனாலும் பிரசுரங்கள் மாறவில்லை.

வளைகுடா நாடுகள் வேறு கணக்கு. அங்கே அனுபவமுள்ள டிப்ளோமாக்காரரை மருந்தாளரின் உதவியாளராக எடுப்பதுண்டு. ஆவணச் சரிபார்ப்பும் கணினிப் பரீட்சையும் உண்டு. இதை அவரிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. அவருடைய அம்மா எட்டு வருடம் சவூதியில் வீட்டு வேலை செய்தவர். அந்தக் காசில்தான் இவர் உயர்தரம் படித்தார். "அம்மா போன ஊருக்கேவா அக்கா?" என்றார். உதவியாளர் வேலை வீட்டு வேலையல்ல என்று விளக்கினேன். தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

முந்நூறு நாள் கொழுந்து

பட்டம் இருக்கும் தோழியின் நிலை இதைவிட நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவுஸ்திரேலியப் பரீட்சைக் கட்டணம் மட்டும் சுமார் 2000 அவுஸ்திரேலிய டொலர். நம் காசில் ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. பிரித்துப் பாருங்கள், ஏறத்தாழ 300 நாள். எல்லா நாளும் பேர் விழுவதில்லை, முழுப்பேருக்குக் கொழுந்து நிறுவையும் சரியாக வர வேண்டும். ஆகவே ஒரு பரீட்சையை ஒரு தடவை எழுதுவதற்கு ஒரு தாயின் ஒரு வருட உழைப்பு முழுதும் போதாது. ஆங்கிலப் பரீட்சையும் ஆவணச் செலவும் விமானச் சீட்டும் இதற்குப் புறம்பு. கொழும்பில் இதே பரீட்சைக்குப் படிக்கும் பட்டதாரிக்குப் பிணை வைக்க ஒரு காணியாவது இருக்கும். லயன் அறை அதில் வாழ்பவருக்குச் சொந்தமல்ல. அதை எந்த வங்கியும் ஈட்டுக்கு எடுக்காது.

காணி உரிமை பற்றிப் பேசும்போது நாம் வீட்டையும் தோட்டத்தையும் மட்டும் நினைக்கிறோம். அது வெளிநாட்டுப் பரீட்சை எழுதுவதையும் தீர்மானிக்கிறது என்பது எனக்கே இந்தக் கடையில் நின்றபோதுதான் உறைத்தது.

யாருடைய இழப்பு?

2022 நெருக்கடிக்குப் பிறகு மூளைசாலிகள் வெளியேற்றம் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதே வருடம் ஜூனில் அரசாங்கமே 14/2022 சுற்றுநிருபம் மூலம் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்க வழி செய்தது. டொலர் தேவைப்பட்டபோது போகச் சொன்ன அரசு, பிறகு போனவர்களைப் பார்த்து இலவசக் கல்வியின் கடனை நினைவூட்டுகிறது. கடையில் நின்றே தொழில் பழகி, சொந்தச் செலவில் பரீட்சை எழுதிய பெண்ணிடம் இந்தக் கடனைக் கேட்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

ஆனால் இழப்பு உண்மையானது. அதை மறைக்க மாட்டேன்.

தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் 1872 இலேயே வந்தது. பிரித்தானியர் வெளியேறினர், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் கம்பனிகளிடம் போயின. இந்த ஒன்றரை நூற்றாண்டில் தோட்ட மக்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு டிஸ்பென்சரியும் அதில் ஒரு 'டாக்டரய்யா'வும்தான். அவர் டாக்டரல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். நோயைப் பார்ப்பவரும் மருந்தைத் தருபவரும் அவரே. போத்தல் கொண்டுபோனால் மிக்சர் கிடைக்கும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் இல்லை. 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. ஆகவே மலையகத் தோட்டத்திலிருந்து மருந்தாளர்கள் 'வெளியேறுகிறார்கள்' என்று சொல்வது முழு உண்மையல்ல. தோட்டத்துக்குள் மருந்தாளர் என்றொருவர் இருந்ததே அரிது. இருப்பவர் நகரத்துக் கடையில் இருக்கிறார், தோட்ட மக்கள் அவரைத் தேடி பஸ் ஏறி வருகிறார்கள்.

அவர் செய்யும் வேலை மாத்திரை எண்ணுவது மட்டுமல்ல. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை, பிறகு இடப்பட்ட பிரெட்னிசொலோன் கண்சொட்டு மருந்தால் பாதிக்கப்பட்டது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் அதே நிலை. குஜராத்தில் தயாரான அந்த மருந்து பிறகுதான் மீளப்பெறப்பட்டது. அடுத்த வருடம் பெப்ரவரியில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார். மேலே இருப்பவர்கள் இப்படியென்றால், கீழே கடைசி ஆளாக நிற்பவர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பவராக, பக்கவிளைவு என்னவென்று நோயாளியிடம் அவருடைய மொழியில் கேட்பவராக இருக்க வேண்டும். மருந்துக் கவரில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பதைப் படிக்க முடியாமல், இரத்த அழுத்த மாத்திரையை இருமடங்காக விழுங்கியவர்கள் பற்றி அந்தக் கடையிலேயே இரண்டு கதை கேட்டேன்.

வன்னியில் வாழ்ந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் ஒரு பனடோல் அட்டைக்கும் சேலைனுக்கும் என்ன பெறுமதி என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் கணிசமானோர் 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகள். இந்தக் கடைக்கு வரும் அம்மாயிமாரின் சொந்தங்கள்.

சொந்தங்கள் என்பதால் கசப்பான ஒன்றையும் சொல்லலாம். நுவரெலியா மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை உண்டு, வன்னி மாவட்டங்களுக்கு இருப்பதுபோல. தமிழ்மொழியில் உயிரியல் பிரிவை ஒழுங்காக நடத்தும் பாடசாலைகள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்த நிலையில் வெளி மாவட்டங்களிலிருந்து வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே பரீட்சை எழுதவைப்பதாக மலையகத்தில் நெடுங்காலமாகவே குறை சொல்லப்படுகிறது. அப்படிப் போகும் ஒவ்வோர் இடமும் பட்டத்துக்கும் வெளிவாரிச் சான்றிதழுக்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளிக்குள் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையைத் தள்ளுகிறது. கொழும்பிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் அது ஒன்றுதான்.

அவரிடம் சொன்னது

போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லவும் இல்லை. முகவரின் அனுமதி இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கச் சொன்னேன். 1989 என்ற இலக்கத்துக்கு அங்கேயே அழைத்தோம். முற்பணத்துக்குக் கொடுத்த பற்றுச்சீட்டில் கம்பனிப் பெயரே இல்லை, வெறும் கையெழுத்து.

உண்மையிலேயே மருந்தாளராகத்தான் போக வேண்டுமென்றால் முதலில் பட்டம் எடுக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் பாமசி இளமாணிப் பட்டம் உண்டு. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிப்பு ஆங்கிலத்தில், வலப்பனையிலிருந்து மலையிறங்கிப் போய் வர வேண்டும், வருடங்கள் எடுக்கும். மலையகப் பிரதிநிதிகள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு புலமைப்பரிசில் நிதியை இதற்கென ஒதுக்கினால், ஆங்கில வகுப்பொன்றை நுவரெலியாவில் நடத்தினால், போகிறவர் ஏமாறாமல் போவார். இருக்க நினைப்பவரும் பட்டத்தோடு இருப்பார். இதற்குப் புதிய கட்டடமோ அடிக்கல்லோ தேவையில்லை. அதனால்தான் நடக்காதோ என்னவோ.

அவர் திறந்த பல்கலைக்கழக விண்ணப்பத் திகதியைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தபோது கடை முதலாளி வந்தார். விஷயத்தை அரைகுறையாக ஏற்கனவே கேட்டிருப்பார் போல. இவர் போனால் கண்டியிலிருந்து ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாராம், கிழமையில் இரண்டு நாள் வருவார், மற்ற நாட்களில் சான்றிதழ் சுவரில் தொங்கும்.

"அவருக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மருந்துப் பேரெல்லாம் இங்கிலீசுதானே மிஸ்" என்றார்.

வாசலில் அதே அம்மாயி திரும்பி வந்து நின்றார். நிலா போட்ட கவர் மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது. இன்னொரு கவர் வேண்டுமாம்.