அப்பாவின் பீட்டலுக்கு எந்தத் தீயணைப்புக் கருவி?

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா விட்டுச்சென்ற 1971ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டல் அவரிடம் இருக்கிறது. அடுத்த மாதம் தங்கைக்குத் திருமணம். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மணமக்களை அந்தக் காரில்தான் ஏற்றிச் செல்வது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். "நெருப்பு அணைக்கிற சிலிண்டர் ஒன்னு உள்ள இல்லாம என் பிள்ளைய அதுல ஏத்த மாட்டேன்."

தம்பியின் கேள்விகள் இரண்டு. எதை வாங்குவது? அப்பா அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த காரின் தரையில் துளை போடாமல் அதை எப்படிப் பொருத்துவது?

முதலில் அம்மாவின் பக்கம் நிற்கிறேன். பீட்டலுக்குக் கதவுகள் இரண்டுதான். பின் இருக்கையில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் இறங்கி, இருக்கையின் முதுகை மடக்கி, வழி விட வேண்டும். பட்டுப்புடவையும் மாலையுமாக உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கு இதெல்லாம் சில வினாடிகளில் நடக்கிற காரியம் இல்லை. நாம் வாங்கப்போகும் கருவியின் முதல் வேலை காரைக் காப்பாற்றுவது அல்ல, அந்த வினாடிகளை வாங்கித் தருவது.

இந்தக் காரில் தீ எங்கே பிறக்கும் என்று தெரிந்தால்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். பெரும்பாலும் பின்னால், எஞ்சின் அறையில். அங்கே பெட்ரோல் போகும் ரப்பர் குழாயின் மேல் நூல் பின்னல் இருக்கும். அந்தப் பின்னல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பிளாஸ்டிக் பெட்ரோல் வடிகட்டியைப் பலர் எஞ்சின் அறைக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். அது கசிந்தால் சூடான எஞ்சின் மீதும், பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் சொட்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் சின்னப் பித்தளைக் குழாய் மரையால் முடுக்கப்பட்டது அல்ல, அழுத்திச் சொருகப்பட்டது. வயதான கார்புரேட்டரில் அது தளர்ந்து கழன்று வருவதுண்டு. கழன்றால் பம்ப் பெட்ரோலை நேராக எஞ்சின் மேலேயே ஊற்றும்.

இரண்டாவது இடம் பின் இருக்கையின் கீழே. பீட்டலின் பேட்டரி அங்கே, வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருக்கைக்குள் இருப்பது இரும்புச் சுருள்கள், அதன் மேல் நார்த் திணிப்பு. பேட்டரிக்கு மேல்மூடி இல்லாமல், உயரம் கூடிய பேட்டரி வேறு மாட்டியிருந்தால், கனமான ஓர் அத்தை உட்கார்ந்ததும் சுருள் இறங்கி முனைகளைத் தொடும். அப்புறம் இருக்கையே புகையும். கல்யாணக் காரில் பின் இருக்கையில் எத்தனை பேர் நெருக்கி உட்காருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது செய்தி கொஞ்சம் பயமுறுத்தும். பழைய பீட்டலின் எஞ்சின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. பெட்ரோல் தீயை அணைக்கலாம். அது நீடித்து மக்னீசியம் பற்றிக்கொண்டால் காரில் வைத்திருக்கும் எந்தச் சிறு கருவியும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தால் கருவியைக் கீழே போட்டுவிட்டு விலகி ஓடவேண்டியதுதான்.

ஆக, நமக்குத் தேவை பெட்ரோல் தீயையும் இருக்கைத் தீயையும் முதல் சில வினாடிகளில் அடிக்கக்கூடிய ஒன்று. கடைக்குப் போனால் கரியமில வாயு சிலிண்டரைச் சிலர் காட்டுவார்கள், கறை படியாது என்று. காருக்கு அது வேண்டாம். கனம் அதிகம், வீச்சு குறைவு, திறந்தவெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், மூடிய காருக்குள் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். அதோடு, 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த வாயு திரவமாகவே நிற்காது, உள்ளே அழுத்தம் வேகமாக ஏறும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் என்ன வெப்பம் இருக்கும்?

பழைய கார் பிரியர்கள் சிலர் இன்னும் ஹாலோன் என்று பெருமூச்சு விடுவார்கள். அருமையான பொருள்தான், ஆனால் ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மொன்ட்ரியல் உடன்பாட்டின்படி அதன் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1994இலும் மற்ற நாடுகளில் 2010இலும் நிறுத்தப்பட்டது. யாராவது பழைய ஹாலோன் பாட்டிலை நட்புக்காகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எடை போட்டால்தான் தெரியும்.

அதன் வாரிசுகளாக இன்று விற்கும் வாயுக் கருவிகள் கறை விடாதவை, விலை கூடியவை. நுரைக் கருவியும் பெட்ரோல் தீக்கும் இருக்கைத் தீக்கும் நல்லது, கழுவினால் போய்விடும். குச்சி போன்ற ஏரோசல் கருவிகளும் வந்துவிட்டன. அழுத்தம் இல்லாதவை, ஒரு நிமிடம் வரைகூடப் புகை தருபவை உண்டு. மூடிய இடத்தில் நன்றாக வேலை செய்யும், காற்றடிக்கும் சாலையோரத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. முனை பயங்கரமாகச் சுடும்.

இத்தனைக்கும் பிறகு என் தேர்வு சாதாரண ஏ.பி.சி. உலர்தூள் கருவி. 1 கிலோ குறைந்தபட்சம், இடம் இருந்தால் 2 கிலோ. காரணம் எளிது: குறைந்த கனத்தில் அதிகத் தீயை அடிக்கும், எங்கும் கிடைக்கும், கைகாட்டி இருப்பதால் ஒரு பார்வையில் நிலவரம் தெரியும். குறை இருக்கிறது, மறைக்கவில்லை. அந்தத் தூள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகி ஒட்டும், ஈரம் பட்டால் அலுமினியத்தையும் வயரிங்கையும் அரிக்கும். அடித்த பிறகு உடனே பட்டறைக்கு இழுத்துப்போய்ச் சுத்தம் செய்யாவிட்டால் தீயில் தப்பிய எஞ்சின் தூளில் போகும். கார்க் காட்சிக்கு மட்டும் போகிற காராக இருந்தால் நுரையோ வாயுவோ வாங்கச் சொல்லியிருப்பேன். இது தங்கை உட்காரப்போகிற கார், தம்பி.

வாங்கும்போது சிரிம் முத்திரையும் தீயணைப்பு மீட்புத் துறையின் ஒட்டுவில்லையும் இருக்கிறதா பாருங்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கவேண்டும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உடலிலேயே அச்சிட்டிருப்பார்கள். 49 என்று போட்டதும் உண்டு, 60 என்று போட்டதும் உண்டு. நம் வெயிலுக்கு 60 உள்ளதைத் தேடுங்கள். கைக்கடக்கமான ஸ்ப்ரே டப்பாவை வாங்கிவிட்டு அம்மாவிடம் கணக்குக் காட்டாதீர்கள்.

இனி பொருத்துவது. கருவியோடு வரும் பிளாஸ்டிக் தாங்கியைத் தூக்கிப் போடுங்கள், அது சமையலறைச் சுவருக்கு. மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ, கருவியின் தாங்கி 25 மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்கவேண்டும், உலோகப் பட்டைகள் குறைந்தது இரண்டு வேண்டும் என்கிறது. 1 கிலோ தூள் உள்ள கருவி உருளையோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கிலோ இருக்கும். கணக்குப் போட்டால், மோதும் நொடியில் அது 50 கிலோ மூட்டை போல இழுக்கும். தட்டைத் திருகாணி இரண்டைத் தகரத்தில் முறுக்கி வைத்தால் நிற்குமா? இருக்கைக்கடியில் சும்மா உருட்டி வைப்பது அதைவிட மோசம். ஒருநாள் பிரேக் மிதிக்கும்போது அது மிதிக்கட்டைக்குக் கீழே போய் நிற்கும்.

துளை வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. முன் இருக்கையின் சட்டக் குழாயை இறுகப் பிடிக்கும் உலோகக் கவ்விகள் கிடைக்கின்றன. அவற்றில் தாங்கியைப் பூட்டி, முன் பயணி இருக்கையின் முன்னோரத்தில் குறுக்காகப் படுக்க வைக்கலாம். பழைய சாகா, டட்சன் 120ஒய் போன்ற கார்களில் இருக்கைத் தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் கீழே ஒரு பட்டைத் தகடு கொடுத்துவிடலாம். இருக்கை வாரின் போல்ட்டில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் துளை போடத்தான் சொல்வேன். கம்பளத்துக்கடியில் இரண்டு துளை, கீழே அகலமான தகடும் வாஷரும், நல்ல போல்ட், துரு பிடிக்காமல் மேலே சீலன்ட். போடுவதற்கு முன் காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள், பிரேக் குழாயோ வயரோ ஓடுகிறதா என்று. நடுச் சுரங்கத்தின் பக்கமே டிரில்லைக் கொண்டுபோகக் கூடாது. பெட்ரோல் குழாய், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. முன் பெட்டியிலும் வைக்கக்கூடாது, அங்கே பெட்ரோல் தொட்டி இருக்கிறது. அவசரத்தில் மூடியைத் திறந்து தேடவும் நேரம் இருக்காது.

பொருத்தியதும் முன் இருக்கையின் முதுகை மடக்கிப் பாருங்கள். கருவி இடித்து வழி மறித்தால் எல்லாம் வீண். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை நீட்டி எடுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். ஓட்டத்தின் அதிர்வில் தூள் அடியில் இறுகிக் கிடக்கும்.

தீ வந்தால் வரிசை இதுதான்: ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தொலைவில் நிறுத்தி, 999 அழைக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் கருவி. எஞ்சின் மூடியை முழுவதும் திறக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும். சற்றே தூக்கி இடுக்கின் வழியே தீயின் அடியைப் பார்த்து அடிக்கவேண்டும். 1 கிலோ தூள் பத்து வினாடிகூட நிற்காது. தீர்ந்தும் எரிந்தால் கார் போகட்டும்.

கருவியை வாங்குவதற்கு முன்பே முடிக்கவேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. எல்லாப் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள், வடிகட்டியை எஞ்சின் அறைக்கு வெளியே கொண்டுபோங்கள், கார்புரேட்டரின் பித்தளைக் குழாயை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரிக்கு மூடி போடுங்கள். கருவியின் விலையைவிட இது அதிகம் ஆகாது என்று நினைக்கிறேன்.

கல்யாண நாளில் ஒன்று. பீட்டலின் எஞ்சினைக் குளிர்விப்பது காற்றுதான், அந்தக் காற்று பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள வரித்துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. அலங்காரம் செய்பவர் அங்கேதான் பூச்சரத்தைப் பரப்ப ஆசைப்படுவார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும் காரில் அதை அடைத்தால் எஞ்சின் வெந்துவிடும். பூ முன்பக்கம் போகட்டும்.

முந்தின நாள் சாயங்காலம் தங்கையையும் அம்மாவையும் பின் இருக்கையில் உட்கார வைத்து, "இறங்குங்கள்" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை வினாடி ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.