கலைஞர்களுக்குப் பொன்னாடை மட்டும் போதுமா?

எமது பிரதேச செயலகங்களில் ஆண்டுதோறும் கலாசார விழாக்கள் நடைபெற்று வருகின்றன. மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், அதிதிகள் உரை என்ற வழக்கமான ஒழுங்கின் நடுவே வயது முதிர்ந்த கலைஞர்கள் சிலர் மேடைக்கு அழைக்கப்பட்டு, பொன்னாடை போர்த்தப்பட்டு, சான்றிதழும் சிறு பணமுடிப்பும் வழங்கிக் கௌரவிக்கப்படுகின்றனர். தேசிய மட்டத்தில் வழங்கப்படும் கலாபூஷணம் விருதும் 60 வயதைக் கடந்தோருக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. மூத்தோரை மதிப்பது எமது பண்பாடு. அதில் எவருக்கும் ஆட்சேபனை இருக்க முடியாது. ஆனால், 60 வயதில் பாராட்டப்படும் அதே மனிதர் 25 வயதிலும் 40 வயதிலும் மத்தளத்தைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைப் பழக்கிய காலத்தில் அரசு அவருக்கு எவ்விதத்தில் துணை நின்றது என்ற கேள்வி அந்த மேடைகளில் எழுவதில்லை.

கலைக்கான பொது நிதியைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே. ஒதுக்கப்படும் தொகை சிறியது என்பது உண்மைதான். எனினும் அச்சிறு தொகையும் கலை உருவாகும் இடத்திற்குச் செல்லாது, கலை முடிந்த பின் நடைபெறும் விழாவுக்கே செல்கின்றது என்பதே பெரிய குறைபாடாகும்.

மட்டக்களப்பில் ஒரு கூத்து எவ்வாறு அரங்கிற்கு வருகின்றது என்பதை நோக்கினால் இது தெளிவாகும். அண்ணாவியார் ஆட்டக்காரரைத் தெரிந்து சட்டம் கொடுக்கின்றார். வயல் வேலையும் கடற்றொழிலும் முடிந்த இரவுகளில், மாதக் கணக்கில் களரியில் பழக்கம் நடைபெறுகின்றது. பின்னர் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனும் படிகளைக் கடந்து, பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை நீளும் அரங்கேற்றம் நிகழ்கின்றது. இதற்கான செலவை யார் ஏற்கின்றனர்? கோயில் நிர்வாகம் ஒரு பகுதியை, ஊரார் ஒரு பகுதியை, மிகுதியை ஆட்டக்காரரும் அவர்தம் குடும்பத்தினரும் ஏற்கின்றனர். கரப்புடுப்பும் முடியும் வாடகைக்கு எடுக்கப்படுவதாயினும் புதிதாகச் செய்யப்படுவதாயினும் கூலித் தொழிலாளி ஒருவருக்கு அது பெருஞ்சுமையாகும். அண்ணாவியாருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெற்றிலையில் வைத்துத் தரப்படும் அன்பளிப்பு. பல மாத இரவுகளுக்கான கைம்மாறு அவ்வளவே.

இச்செயன்முறையின் எந்தப் படியிலும் அரசின் நிதி நுழைவதில்லை. பழக்கம் நடைபெறும் மாதங்களுக்கு உதவி இல்லை. உடுப்புச் செய்வதற்கு உதவி இல்லை. மத்தளத்திற்குத் தோல் மாற்றுவதற்குக்கூட உதவி இல்லை. ஆனால், அதே கூத்தின் இருபது நிமிடத் துண்டொன்றை அமைச்சர் ஒருவரின் வருகைக்காக ஆடிக் காட்ட வேண்டுமாயின் வாகன ஒழுங்கும் மதிய உணவுப் பொதியும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன.

பொதுப்பணம் சரியான கைகளில் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு எமது வரலாற்றிலேயே சான்று உண்டு. 1952 இல் சட்டமூலம் நிறுவப்பட்ட இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தில், கூத்து என்பது படிப்பறிவற்றோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் தமிழ் நடுத்தர வர்க்கத்தினரிடையே ஆழப் பதிந்திருந்தது. அக்குழு கிராமங்களுக்குச் சென்றது; அண்ணாவிமாரைத் தேடிக் கண்டு ஒன்றுகூட்டியது; போட்டிகளை நடத்தியது. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதியில் வழங்கிய என்றீக் எம்பரதோர் நாடகம் போன்ற ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்து அச்சேற்றினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அவர் தயாரித்த கர்ணன் போர், இராவணேசன் ஆகியன கூத்தை நகர அரங்கிற்குக் கொண்டு வந்தன. அம்மாணவர்களுள் ஒருவரான மௌனகுரு பின்னர் கூத்தாய்விலும் தயாரிப்பிலும் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டினார். பெருந்தொகைப் பணத்தால் நிகழ்ந்த மாற்றமன்று இது. அறிவும் ஈடுபாடும் கொண்டோரின் பொறுப்பில் ஒரு சிறு அமைப்பு விடப்பட்டிருந்தமையே காரணமாகும்.

பிரித்தானியாவில் 1946 இல் கலைகளுக்கான பேரவை அமைக்கப்பட்டபோது, நிதியை அரசு வழங்கும், ஆனால் அது எவருக்குச் சேர வேண்டும் என்பதை அமைச்சர் தீர்மானிக்கமாட்டார் என்ற நெறி பின்பற்றப்பட்டது. அந்நெறி அங்கும் எப்பொழுதும் தூய்மையாகக் காக்கப்பட்டது என நாம் கூறவில்லை. ஆயினும் நெறி என ஒன்று இருந்தால்தான் அது மீறப்படும்போது தட்டிக்கேட்க முடியும். இங்கே விருதுப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் எந்த அடிப்படையில் தெரிவு நடந்தது என்ற முணுமுணுப்பு எழுகின்றது. தெரிவுக் குழுவினர் யார், அளவுகோல் யாது என்பன முன்கூட்டியே வெளியிடப்பட்டால் அம்முணுமுணுப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தென்கொரியா 1962 இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது; அங்கு பாரம்பரியக் கலையொன்றில் துறைபோனவர் இனங்காணப்பட்டு அவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. அதற்கு மாறாக அவர் செய்ய வேண்டியது, அக்கலையை மாணாக்கருக்குப் பயிற்றுவிப்பதாகும். அயலில் இந்தியாவிலும், தஞ்சாவூரில் 1986 இல் நிறுவப்பட்ட தென்னகப் பண்பாட்டு மையம் உள்ளிட்ட மண்டல மையங்கள் குரு-சிஷ்ய முறைத் திட்டமொன்றைச் செயற்படுத்தி வருகின்றன. குருவுக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் மாணாக்கருக்கும் குறித்த காலத்திற்கு மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கின்றது. பெருந்தொகை அல்லவாயினும், கலைஞர் கற்பிப்பதை வேலையாக அது அங்கீகரிக்கின்றது.

இத்தகைய திட்டமொன்று எமது மாகாணங்களுக்குப் பொருந்தாது என எவரும் கூற முடியாது. ஓர் அண்ணாவியார், ஒரு பக்கவாத்தியக்காரர், பத்து இளைஞர், ஓர் ஆண்டு. ஒரு நாள் விழாவின் பந்தல், ஒலிபெருக்கி, சிற்றுண்டி, அதிதிகளுக்கான நினைவுச் சின்னங்கள் என்பவற்றின் செலவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு உரிய அதிகாரிகளை வேண்டுகின்றோம்.

வேறொரு முரண்பாடும் இங்கே உண்டு. நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாகவும் பல்கலைக்கழகப் பட்டமாகவும் வளர்ந்துவிட்டது. தமிழ் மொழித் தினப் போட்டிகளில் பாடசாலை மாணவர் கூத்தாடுகின்றனர். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். அவர்களுக்கு ஆட்டத்தைப் பழக்கிவிடும் அண்ணாவியாருக்கோ கல்வித் தகைமை இல்லாமையால் முறையான கொடுப்பனவுக்கு வழியில்லை. ஆசிரியர்கள் தமது கைப்பணத்தைச் சேர்த்துக் கொடுக்கும் நிலையே காணப்படுகின்றது. அவருடைய அறிவு பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அவர் இடம்பெறவில்லை.

விண்ணப்ப முறைகளும் இதே மனப்பாங்கையே காட்டுகின்றன. விருதுக்கோ உதவிப்பணத்திற்கோ விண்ணப்பிப்பவர் பத்திரிகைத் துணுக்குகள், சான்றிதழ்கள், வெளியிட்ட நூல்கள் எனத் தமது கலைப்பணிக்கு எழுத்தாவணம் காட்ட வேண்டியுள்ளது. எழுத்தாளருக்கு இது இலகு. இடப்பெயர்வுகளில் வீட்டையே இழந்த கலைஞர் எதனைக் காட்டுவார்? அவரிடம் பயின்ற ஊரவரே அவருடைய சான்று. கிராம மட்டத்தில் அச்சாட்சியத்தைக் கேட்டுப் பதிவு செய்வது கலாசார உத்தியோகத்தருக்கு இயலாத காரியமன்று. 1987 இல் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டு, 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்ட ஒரு நாட்டில், கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகளும் படிவங்களும் தமிழில் உரிய நேரத்தில் கிடைப்பதை உறுதி செய்வது சலுகையாகாது; அது சட்டக் கடப்பாடாகும். முடிவுத் திகதிக்குப் பின்னர் கிடைக்கும் மொழிபெயர்ப்பால் எவருக்கும் பயனில்லை.

முஸ்லிம் சமூகத்தின் நாட்டார் கலைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. கிழக்கில் பொல்லடியை வழிநடத்துபவரையும் அண்ணாவியார் என்றே அழைக்கின்றனர். இரு சமூகங்களும் அயலவராய் வாழ்ந்த நீண்ட காலத்தின் தடயம் அந்த ஒரு சொல்லில் உள்ளது. பக்கீர் பைத், றபான், சீனடி, வயல் வெளிகளில் பிறந்த கவிகள் என இம்மரபு பரந்தது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் தனிமனித முயற்சியாகவே கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தனர். இசை, கருவிகள் என்பன குறித்துச் சமூகத்தினுள்ளேயே மாறுபட்ட கருத்துகள் நிலவுவதை நாம் அறிவோம்; அவ்விவாதம் அச்சமூகத்திற்கு உரியது. அதனைக் காரணங்காட்டி அரச திணைக்களங்கள் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரான மாதங்களில் முஸ்லிம்களின் சாதாரண ஒன்றுகூடல்களும் ஐயத்தோடு நோக்கப்பட்டதையும், அதனைத் தொடர்ந்து 2020 இன் கொவிட் முடக்கமும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் வந்ததையும் எண்ணினால், இக்குழுக்கள் எத்தகைய காலத்தைக் கடந்து வந்துள்ளன என்பது புரியும்.

மலையகத்தில் மாசி மாதக் காமன் கூத்து, தோட்டத்து மக்களே தமக்குள் பணம் திரட்டி, தமது லயன்களின் முன்னே நடத்துவது. தப்பு அடிப்பவரும் இரதி வேடம் புனைபவரும் மறுநாள் கொழுந்து மலைக்குச் செல்ல வேண்டியவர்கள். செல்லாவிடின் அன்றைய சம்பளம் இல்லை. மலையக மக்களின் வருகையின் 200 ஆண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டபோது பல மேடைகளில் இக்கூத்தின் பெருமை பேசப்பட்டது. ஆடுவோரின் ஒரு நாட் சம்பளம் பற்றி எவராவது பேசியதாக எமக்கு நினைவில்லை.

போர்நிறுத்த காலத்திலும் 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் அரச சார்பற்ற நிறுவனங்களின் நிதி எமது அரங்கக் குழுக்களை வந்தடைந்தது. மிதிவெடி அபாயம், சுகாதாரம், சமாதானம் ஆகியன பற்றி வீதி நாடகங்கள் பெருகின. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் தலைப்பை நிதி வழங்குவோர் தெரிவு செய்ய, கலைஞர் அறிவிப்பாளராக மாறிப்போனமையும் நடந்தது. திட்டக் காலம் முடிவுற்றதும் பல குழுக்கள் கலைந்து போயின. இதற்கு மாறாக, சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊராரோடு இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கமும், வண. நீ. மரியசேவியர் அடிகளார் 1965 இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றத்தின் பணியும், திட்டமொன்றின் ஆயுளோடு முடியாதன. ஊரில் வேர்கொண்ட முயற்சிகளே நிலைத்தன.

கலையை அனைவரும் அணுகக்கூடியதாக்குவது பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 1996 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் கட்டிடங்களுக்கான 2006 ஆம் ஆண்டு அணுகல் விதிகள், பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையையும் உள்ளடக்கிய ஐ.நா. சமவாயத்தை 2016 இல் ஏற்றுக்கொண்டமை எனத் தாளில் குறைவில்லை. போரில் அவயவம் இழந்தோர் பெருந்தொகையாய் வாழும் வடக்கு, கிழக்கில் எத்தனை மண்டப மேடைகளில் சக்கர நாற்காலி ஏற முடியும்? பார்வையாளராக வருவது ஒருபுறமிருக்க, ஆடவும் பாடவும் அவர்களுக்கு இடமுண்டா? சுனேத்திரா பண்டாரநாயக்க 2000 இல் தொடக்கிய சுனேரா மன்றம் மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே அரங்க ஆற்றுகைகளைத் தயாரித்து, அது இயலும் என்பதைக் காட்டியுள்ளது. கூத்தின் வட்டக்களரியோ தரைமட்டமானது. நுழைவுச்சீட்டு இல்லாதது. பாயை விரித்து எவரும் எப்பக்கத்திலும் அமரலாம். படிகள் வைத்த மண்டபத்திற்கு அதனைக் கொண்டுசென்ற பின்னரே அணுகல் ஒரு பிரச்சினையானது!

யாழ்ப்பாணத்தில் இந்திய நன்கொடையில் அமைக்கப்பட்ட 11 மாடிக் கலாசார மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் பெயர் மாற்றப்பட்டபோது எழுந்த சர்ச்சையில் பலரும் கலந்துகொண்டனர். யாழ்ப்பாணம் என்ற சொல் மீண்டும் பெயரில் சேர்க்கப்பட்டது. பெயர் முக்கியமானதே. அதே அக்கறையோடு, வடமராட்சியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ வரும் ஒரு கிராமியக் குழு அம்மண்டபத்தை என்ன கட்டணத்தில் பெற முடியும், ஆண்டில் எத்தனை நாட்கள் அத்தகைய குழுக்களுக்கு ஒதுக்கப்படும் என்பனவும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இலும் முடிவடைந்த பின்னர், மாகாணப் பண்பாட்டு நிதியைப் பற்றிக் கேள்வி கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட சபைகள் பல ஆண்டுகளாக இருக்கவில்லை. ஆனால் 2025 மே மாதத் தேர்தலின் மூலம் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. நுழைவுச்சீட்டு விற்கப்படும் காட்சிகளின் மீது கேளிக்கை வரி அறவிடும் அதிகாரம் 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அச்சபைகளுக்கு உண்டு. திரையரங்குகளிலிருந்து சேரும் அவ்வரியில் ஒரு பங்கை அப்பிரதேசத்துக் கூத்து, பொல்லடி, நாடகக் குழுக்களின் பழக்கச் செலவுக்கென ஒதுக்குவதற்குக் கொழும்பின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சபையின் தீர்மானம் ஒன்றே முதற்படியாகும். அடுத்த ஆண்டுக்கான பாதீடுகள் ஆண்டிறுதியிலேயே சபைகளில் சமர்ப்பிக்கப்படுகின்றன. தமது சபையின் பாதீட்டில் அத்தகைய ஒதுக்கீடு ஏதும் உள்ளதா என்பதை வாசகர்கள் தத்தமது வட்டார உறுப்பினரிடம் இப்பொழுதே கேட்கலாம்.